பிளக் குழிக்குள் ஆயில்: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டது இது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். கொஞ்ச நாளாக ஐடிலிங்கில் எஞ்சின் குலுங்குகிறது, மேடு ஏறும்போது மிஸ் அடிக்கிறது. பிளக் மாற்றலாம் என்று, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலைக் கழற்றிப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது குழிகளில் கறுப்பாக ஆயில் தேங்கி நிற்கிறது. காட்டிய ஒர்க்ஷாப்பில் "பிளக்கில ஆயில் வந்தாச்சுன்னா ரிங் போயிடுச்சுன்னு அர்த்தம், எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அது உண்மையா, நாமே சரிசெய்ய முடியுமா?

ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கிற வளையம், போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. பிளக்கின் மேல்பக்கம் ஆயில் நிற்பது ஒரு வியாதி, பிளக்கின் நுனியில் ஆயில் படிவது வேறொரு வியாதி. முதலாவது பெரும்பாலும் ரப்பர் சீல் கெட்டித்துப் போனதால் வருவது. ஒரு ஓய்வு நாளின் அரை நாளில் முடிகிற வேலை. இரண்டாவதுதான் எஞ்சினுக்குள் கையை விட வைப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு எஞ்சினைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரித்து, ரிங் மாற்றி, திரும்பப் பூட்டும்போது பழைய சீலையே போட்டுவிட்டு, அடுத்த மாதமே குழியில் ஆயிலைப் பார்த்துத் தலையில் கை வைத்தவரும் உண்டு.

முதலில் அந்தக் குழி எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டு உள்ள ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் பாகம்) பிளக் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவே, எரியும் அறையின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் இருப்பது ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கிற இடம். அதன் நடுவே பிளக்குக்குப் போய்வர ஒரு காய்ந்த பாதை வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். குழாயின் அடி ஹெட்டில் உட்காரும், தலை, ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரில் முட்டி நிற்கும். தலைப்பக்கம் ஒரு வட்ட ரப்பர் சீல். அடிப்பக்கம் சில எஞ்சின்களில் ஓ ரிங், சிலவற்றில் இறுக்கி அடித்துப் பேஸ்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள், சிலவற்றில் மரை போட்டு முடுக்கியிருப்பார்கள். இன்னும் சிலவற்றில் தனிக் குழாயே கிடையாது, ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அப்போது கசிய மேல் சீல் ஒன்றுதான் பாக்கி.

ஆக, குழிக்குள் ஆயில் வர இரண்டே வழி: குழாயின் தலை, குழாயின் அடி. பத்தில் எட்டு ஒன்பது தடவை தலைதான் என்பது என் கை அனுபவம். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த சீல் ரப்பர் போலவே இருக்காது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, வளைத்தால் காய்ந்த சுள்ளி மாதிரி பட்டென்று முறியும். உதடு இறுகிப் போனபின் குழாயை அது கவ்விப் பிடிக்காது, தொட்டுக்கொண்டு சும்மா நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஆயில் இறங்குகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி அதை மூன்று பகுதியாகப் பாருங்கள். மேலே வெள்ளைப் பீங்கானும், ஸ்பானர் பிடிக்கிற ஆறுமுகமும். நடுவே வாஷரும் மரையும். கீழே மின்முனை. பீங்கானும் ஆறுமுகமும் ஆயிலில் நனைந்து, வாஷருக்குக் கீழே மரை காய்ந்து, மின்முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் உங்கள் ரிங் மேல் பழி போட வேண்டாம். ஆயில் வெளியிலிருந்து வந்திருக்கிறது, வாஷர் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. மாறாக மின்முனை ஈரக் கறுப்பாக, மினுமினுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் உள்ளிருந்து வருகிறது. அப்போதுதான் ரிங், வால்வு சீல் பேச்சை எடுக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. குழியில் ஆயில் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால், கடைசி மரை விடுபடும் நொடியில் அந்த ஆயில் மொத்தமும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பிளக் வெளியே வரும்போது மரை, மின்முனை எல்லாம் முழுக்க ஆயில். பார்க்கிறவர் "உள்ளே ஆயில் அடிக்குது" என்று சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஆயிலை உள்ளே ஊற்றியது அவருடைய ஸ்பானர். உங்கள் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பொய்ச் சாட்சியும் உண்டு. பீங்கானின் வெள்ளை நிறத்தில், இரும்பு உடலை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். காற்றில் மிதக்கும் ஆயில் துகள்களை உயர் மின்னழுத்தம் ஈர்த்துப் பீங்கானில் ஒட்ட வைப்பதால் வருகிற கறை அது. பிளக் வழியாகக் கசிவு என்று பலர் அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். கசிவு அல்ல, நல்ல எஞ்சினிலும் வரும், விட்டுவிடலாம்.

உள்ளிருந்தும் ஆயில் வருகிறதோ என்று சந்தேகம் இருந்தால் புகையைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகப்படலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங். உறுதி வேண்டும் என்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த நிலையில் குறைவாகக் காட்டிய சிலிண்டர், ஒரு ஸ்பூன் ஆயில் விட்டபின் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் பேக்கிங்கையோ பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைக் குழியைச் சுத்தம் செய்து முடித்து, வண்டியைச் சில நாள் ஓட்டிய பிறகு செய்யுங்கள். உள்ளே விழுந்த ஆயிலோடு செய்தால் நோயாளி ரிங்கும் நல்ல பிள்ளை மாதிரி எண் காட்டும்.

எஞ்சின் ஏன் மிஸ் அடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. ஆயில் பட்டதால் கரண்ட் லீக் ஆகிறது என்பார்கள். சுத்தமான ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. பிரச்சினை வேறு. காயிலின் அடியில் இருக்கிற ரப்பர் உறை, அதாவது பிளக் கேப், ஆயிலில் நாள்கணக்கில் ஊறி உப்பிப் பொதபொதவென்று ஆகிவிடும். பிளக்கை இறுகப் பிடிக்காது. அந்த இடைவெளியில், கரியும் உலோகத் தூசியும் கலந்த பழைய ஆயில் வழியே தீப்பொறி பக்கவாட்டில் பாயத் தொடங்கும். ஒரு முறை பாய்ந்த இடத்தில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு விழும். அப்புறம் பொறி எப்போதும் அந்தக் கோட்டைத்தான் தேடிப் போகும். கேப்பையும் பிளக்கின் பீங்கானையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், அந்தக் கோடு தெரிந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். துடைத்தால் போகாது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் இருக்கிற கோடு புதியதிலும் ஒரு கோடு போட்டுவிடும்.

இனி வேலை. எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை கையோடு வந்துவிடும் ஆபத்து உண்டு. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். பழைய வண்டியில் காயிலின் பிளாஸ்டிக் சாக்கெட் பூட்டுதான் முதலில் உடைவது. சாக்கெட்டை முதலில் உள்பக்கம் லேசாக அழுத்தி, பிறகு பூட்டை அமுக்கி, அதன்பின் இழுத்தால் முனகாமல் வரும். காயிலையோ பிளக் கேப்பையோ நேராகப் பிடுங்காதீர்கள். இடம் வலமாகத் திருகி ஒட்டு விட்டபின் தூக்குங்கள். வயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு காயிலுக்கும் எண் எழுதி வையுங்கள். தனி ஒயர் உள்ள பழைய எஞ்சினில் எண் எழுதாமல் கழற்றினால், பூட்டும்போது ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பொறி வாங்கும் வரிசை) மாறி எஞ்சின் பேக்ஃபயர் அடிக்கும்.

பிளக்கைத் தொடாதீர்கள். முதலில் குழியைக் காலி செய்யுங்கள். பெரிய சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் ட்யூப் மாட்டி ஆயிலை உறிஞ்சி எடுங்கள். மீதியை, நீண்ட ஸ்க்ரூ டிரைவரில் நூல் உதிராத துணியைச் சுற்றி உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள், துணி கறுப்பாக வராத வரைக்கும். நான் தொழில் பழகிய புதிதில் இதற்கெல்லாம் பொறுமை இல்லாமல், காற்று அடிக்கிற பம்ப்பை நேராக ஆயில் நிறைந்த குழிக்குள் வைத்து அழுத்தினேன். சட்டை, முகம், பானெட்டின் அடிப்பக்கம் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. உறிஞ்சி, ஒற்றி, அடியில் இருக்கும் மண்ணை ஊதித் தள்ள மட்டும் கடைசியாகக் காற்று. பிறகு பிரேக் கிளீனர் கொஞ்சம் அடித்து மறுபடி ஒற்றுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு, சூடான எஞ்சினில் அடிக்கக் கூடாது. இத்தனையும் பழைய பிளக் இடத்திலேயே இருக்கும்போது நடக்க வேண்டும். அதுதான் இப்போது உங்கள் சிலிண்டருக்கு மூடி. கவர் வேலை எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் பிளக்கை மாற்றுவது.

முன்பே ஆயில் உள்ளே இறங்கிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். 1600 சிசி நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 9.5 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சுகிற இடம் சுமார் 47 சிசி. நாலைந்து மில்லி ஆயில் விழுந்தால் எதுவும் உடையாது. கொஞ்ச நேரம் நீலமாகப் புகைக்கும், அவ்வளவுதான். குழி நிறைய இருந்து மொத்தமும் இறங்கியது என்றால் மட்டும், பிளக் எல்லாவற்றையும் கழற்றிய நிலையில், ஃபியூயல் பம்ப்பின் ஃபியூசையும் காயில் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, குழிகள் மேல் துணியைப் போட்டு, சில வினாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். குழிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

டேப்பட் கவர். மேலே ஓடுகிற, எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் ஹோஸ்களைப் பார்த்துக் கழற்றுங்கள். பழைய ரப்பர், கையோடு உடைந்து வரும். உடைந்தால் திட்டாதீர்கள், அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு அட்டையில் கவரின் உருவத்தைக் கிறுக்கி, கழற்றிய போல்ட்டை அதே இடத்தில் குத்தி வைப்பது என் பழக்கம். நீளம் வேறு வேறாக இருக்கும், மாறிப் போனால் நீளமானது அடியில் முட்டிக்கொண்டு இறுகியது போல நடிக்கும். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழும். அந்தக் கீறல் வழியே கசிகிற ஆயிலுக்கு எந்த பேக்கிங்கும் மருந்தில்லை.

கவரைத் திருப்பிப் போட்டால் சீல்கள் தெரியும். இங்கே வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் வெளி பேக்கிங்கோடு ஒரே துண்டாக வரும், கையால் எடுத்துக் கையால் போட்டுவிடலாம். சிலவற்றில் இரும்பு வளையம் உள்ள சீலை அடித்து இறக்கியிருப்பார்கள். கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படம் மறக்காது, நாம் மறப்போம். மூன்றாவது ரகம், சீல் கவரோடு வார்த்தே வருவது. சில நிசான் எஞ்சின்கள் இப்படி. அதில் சீல் தனியாகக் கிடைக்கவில்லை என்றால் கவரையே மாற்ற வேண்டியதுதான். பிளாஸ்டிக் கவர் என்றால் சீலைப் பிடுங்குவதற்கு முன் அதன் முகத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சூட்டில் வளைந்த கவருக்குப் புது பேக்கிங் வாங்குவது வீண் செலவு.

அடித்து இறக்கிய சீலை எடுக்கும்போது அது உட்காரும் வட்டச் சுவரில் கீறல் விழக்கூடாது. நெம்புகிற முனைக்கு அடியில் ஒரு மடித்த துணி வையுங்கள். கெட்டித்த சீல் துண்டு துண்டாகத்தான் வரும். வந்த துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள், ஒரு துண்டு ஹெட்டுக்குள் விழுந்திருந்தால் ஆயில் வழியை அடைக்கும். புதியதை உட்கார வைக்க, சீலின் வெளி விளிம்பு அளவுக்குச் சரியாக இருக்கும் ஒரு பெரிய சாக்கெட்டைத் தேடுங்கள். கவருக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, சாக்கெட்டைச் சீல் மேல் வைத்து, சுத்தியலால் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டு. நேராக இறங்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும், அடியில் போய் முட்டியதும் கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினால் அதை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், எடுத்துவிட்டு வேறு சீல் போடுங்கள்.

கவர் திறந்திருக்கும் இந்த நேரத்தில்தான் குழாயின் அடியையும் பார்த்துவிட வேண்டும். குழாயின் தலையில் துருவோ பிசிறோ இருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தூள் விழாதபடி சுற்றிலும் துணி கட்டிக்கொள்ளுங்கள். குழாயைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஓ ரிங் அடியில் இருக்கிற எஞ்சினாக இருந்தால், அதை மாற்றக் குழாயையோ, சில வடிவமைப்புகளில் வால்வுகளை அழுத்தும் ராக்கர் முழுவதையுமோ கழற்ற வேண்டியிருக்கும். ராக்கரைக் கழற்றுகிற வேலை என்றால் முதல் தடவை செய்கிறவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. அடி கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேல் சீலை மாற்றிச் சுத்தம் செய்த பின்னும் சில நாளில் குழியில் ஆயில் வந்து, குழாயின் உள்சுவரின் மேல் பாதி காய்ந்தும் அடி மட்டும் நனைந்தும் இருந்தால் அடிதான். மேலிருந்து வருவது சுவரில் கோடு போட்டுக்கொண்டு இறங்கும்.

இப்போது சிலிகோன் பேஸ்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், இதில்தான் எல்லோரும் தாராளம் காட்டுகிறார்கள். ரப்பர் பேக்கிங் காய்ந்த, எண்ணெய்ப் பசையில்லாத முகத்தில் உட்காரும்படி செய்யப்பட்டது. அதன் மேல் முழுக்கப் பேஸ்ட் தடவினால் அது வழுக்கும், இறுக்கும்போது வெளியே பிதுங்கும். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து நூல் நூலாக அறுந்து ஆயிலில் விழும். ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். கசிவை நிறுத்தப் போய் எஞ்சினுக்கு ஆயிலே போகாமல் செய்கிற கதை அது. பேஸ்ட் வேண்டிய இடங்கள் சில மூலைகள் மட்டும்: டைமிங் கவரும் ஹெட்டும் சேருகிற கோடு, கேம் ஷாஃப்ட்டின் முனை மூடிகள் ஹெட்டில் படிகிற ஓரம், அரைவட்ட ரப்பர் அடைப்பின் இரு முனைகள். அந்த இடங்களில் ஒரு பொட்டு போதும். முகங்களைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, கிளீனரில் துடைத்து, காய விட்டு, அதன்பின் பொட்டு. பிளக் சீலுக்குப் பேஸ்ட் அறவே கூடாது. அதன் உதட்டில் விரல் நுனியால் புது எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள், அது போதும்.

கவரைச் சாய்க்காமல் நேராக இறக்குங்கள். நாலு சீலும் நாலு குழாயின் தலையில் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். போல்ட் போடுவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு குழிக்குள்ளும் பாருங்கள். ரப்பர் உதடு சுற்றிலும் ஒரே அகல வட்டமாகத் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் பிறை போல மெலிந்து தெரிந்தால் அங்கே உதடு மடிந்திருக்கிறது. தூக்கி மறுபடி போடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சோம்பலில் விட்டவர்கள்தான் "புது சீல் போட்டும் நிற்கல" என்று வருகிறார்கள்.

போல்ட் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். கவர் போல்ட் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் மரைதான். பல எஞ்சின்களில் 7 முதல் 11 நியூட்டன் மீட்டர் வரைதான் கேட்கும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு. இது மணிக்கட்டின் பலம், தோளின் பலம் அல்ல. "இன்னும் ஒரு கால் சுற்று" என்ற ஆசையில் நான் ஒரு தடவை மரையைக் கெடுத்திருக்கிறேன். ஸ்பானர் இறுகி இறுகி வந்து, திடீரென்று வெண்ணெயில் சுற்றுவது போல லேசாகும் பாருங்கள், அந்த உணர்வு வயிற்றில் தெரியும். அதன்பின் அந்த ஒரு ஓட்டைக்கு மரை போட்டு எடுக்க ஒரு நாள் போனது.

பிளக். பழையதைக் கழற்றியதும் புதியதை ஸ்பானரோடு விடாதீர்கள். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸை மாட்டி, அதை விரலால் சுழற்றி இறக்குங்கள். மரை குறுக்கே பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கையால் நின்றபின் ஸ்பானர். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லையென்றால், புது வாஷர் தொட்டு நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான். மரையில் கிரீஸ் தடவுகிற பழக்கம் இருந்தால் பூச்சு போட்டு வரும் புது பிளக்கில் அதை விட்டுவிடுங்கள். வழுக்கும் மரை டார்க் ரெஞ்சை ஏமாற்றிவிடும், அளவுக்கு மேல் இறுகும். கேப்பின் உள்வாயில் மட்டும் மின்காப்பு கிரீஸ் லேசாக.

இவ்வளவும் செய்து, ஒரு விஷயத்தை விட்டால் ஆறு மாதத்தில் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள். எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையைத் திரும்ப இன்டேக்குக்கு இழுத்துக்கொள்ள ஒரு பிசிவி வால்வு இருக்கும், டேப்பட் கவரிலோ அதிலிருந்து போகும் ஹோஸிலோ. அது கரியால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், இருக்கிற சீல்களில் எது பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள், பெரும்பாலான வகைகளில் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் புதியது. பிறகு எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். உள்ளே லேசாக இழுபட்டால் நல்லது. படபடவென்று மேலே தூக்கி எறிந்து, கூடவே புகையும் வந்தால் ஒன்று வால்வு அடைப்பு, இல்லையென்றால் ரிங்கைத் தாண்டி நிறையப் புகை இறங்குகிறது. ரிங் உங்கள் கதைக்குள் வருவதாக இருந்தால் இந்த வாசல் வழியாகத்தான் வரும். புது வால்வு போட்ட பிறகும் காகிதம் பறந்தால் அப்போது கம்ப்ரெஷன் பார்த்து முடிவு எடுங்கள். சில எஞ்சின்களில் மூடியைத் திறந்தால் செயின் ஆயிலைத் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கசிவை நிறுத்தும் திரவம் ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். ரப்பரைக் கொஞ்சம் ஊற வைத்து மென்மையாக்கும், அதனால் லேசான கசிவு சில நாள் அடங்கலாம். கெட்டித்துப் பிளந்த சீலை அது ஒட்ட வைக்காது. விற்கப் போகிற வண்டிக்கு வேண்டுமானால் ஊற்றுவார்கள், வைத்துக்கொள்கிற வண்டிக்கு வேண்டாம்.

உங்கள் எஞ்சின் நாலு சிலிண்டர் நேர்வரிசை என்று வைத்துத்தான் இத்தனையும் சொன்னேன். சுபாரு போலப் படுத்திருக்கும் எஞ்சினில் குழி கிடையாகப் போகும், சீல் கசிந்தால் ஆயில் கீழே வடிந்து எக்ஸாஸ்ட்டில் பட்டுக் கருகுகிற வாசனை முதலில் வரும். கேம் ஷாஃப்ட் கீழே இருக்கிற மிகப் பழைய எஞ்சின்களில் இந்தக் குழாயே இருக்காது. பிளக் ஹெட்டின் பக்கவாட்டில் வெளியே தெரியும். அதில் ஆயில் இருந்தால் டேப்பட் கவரின் கார்க் பேக்கிங்கிலிருந்து வழிந்தது, அதை மாற்றினால் வேலை முடிந்தது.

வேலை முடித்து, பேஸ்ட் போட்டிருந்தால் அதன் ட்யூபில் போட்டிருக்கிற நேரம் காய விட்டு, ஆயில் அளவு பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். கவரின் ஓரம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் உட்பட, விரலால் அல்ல, வெள்ளைத் துணி சுற்றிய குச்சியால் தடவிப் பாருங்கள். சூட்டோடு போல்ட்டை மறுபடி இறுக்காதீர்கள். இருநூறு கிலோமீட்டர் கழித்து, ஆறிய எஞ்சினில் காயில்களைத் தூக்கி அதே குச்சியை நாலு குழியிலும் அடிவரை விட்டுப் பாருங்கள். நாலும் வெள்ளையாகவே வர வேண்டும்.

இந்த வேலை செய்யும்வரை வண்டியை ஓட்டலாமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மிஸ் இல்லாமல் ஓடினால், ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வேலைகளுக்கு ஓட்டலாம். மிஸ் அடித்தால் வேண்டாம். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், அதன் விலை இந்தச் சீல் எல்லாவற்றையும் விடப் பல மடங்கு. எஞ்சின் விளக்கு சும்மா எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டிவிடுங்கள். இன்றைக்கே ஆயிலை உறிஞ்சி எடுத்து, கேப்பைத் துடைத்து மாட்டி, மிஸ் நின்றுவிட்டால் சீல் வந்து சேரும்வரை நாலைந்து நாள் தள்ளலாம்.